கேட்ச் விட்டவன் அவன்

கைக்கு வந்த பந்தைக் கீழே போட்டவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. "அதையே எத்தினி நாளைக்குப் பேசிக்கினு இருப்ப?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். பேசத்தான் பேசுவேன். அந்தப் பந்துக்காக அவன் ஓடவில்லை, பாயவில்லை. வெயிலில் கண் கூசவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் குவித்துக்கொண்டு காத்திருந்தான். பந்து சாவகாசமாக இறங்கி வந்து அவன் கையில் உட்கார்ந்தது. பிறகு புல்லில் கிடந்தது. நடுவில் என்ன ஆயிற்று என்று அவனுக்கும் தெரியாது, அவனைப் பெற்றவளுக்கும் தெரியாது.

நாங்கள் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்துக் கோர்த்து நெய்கிற சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து நெய்வார். நான் ஓரமாக உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவை உள்ளே தள்ளிவிடுவேன். எதிரே செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டால் எங்களுக்கு வேலையும் நடக்கும், மேட்ச்சும் நடக்கும். வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் நான்தான். அவர் கூட இருக்கிற பாவத்துக்குப் பார்க்கிறவர்.

போன வருஷம் மகனுக்குப் பெண் பார்க்க முசரவாக்கம் போனோம். கூடத்து டிவியில் நம்ம டீம் ஆடிக்கொண்டிருந்தது. மரியாதைக்காகச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஜாதகம், நட்சத்திரம் என்று ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, என் கண் மட்டும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. காபித் தட்டோடு வந்த பெண் என்னிடம் குனிந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "போன ஓவர்லயே ரெண்டு பேர அவுட் பண்ணிட்டாங்க, அத்தை."

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மகனுக்கும் பிடித்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

நிச்சயம் முடிந்த கையோடு அந்தப் பெரிய போட்டி ஆரம்பமானது. கிழக்கே எங்கோ ஒரு நாட்டில் நடந்ததால் இங்கே காலையிலேயே ஆட்டம். வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அவள் போன் பண்ணுவாள். "பாத்தீங்களா அத்தை, எப்பிடி சுத்தறான் பாருங்க, எருமை" என்பாள். நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்ப்பேன். பெற்றதும் ஒரே பிள்ளை. தறிக்கட்டையைத் தவிர என்னோடு உட்கார்ந்து இப்படிப் பேச இந்த வீட்டில் ஒரு ஜீவன் இருந்ததில்லை. "எனக்குப் பண்றதவிட உனக்குதான்மா ஜாஸ்தி போன் பண்றா" என்று மகன் குறைப்பட்டுக்கொண்டான். எனக்கு உள்ளூரப் பெருமை.

முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. அது எங்கள் தறியிலேயே நெய்வதென்று முடிவாகியிருந்தது. முந்தானையில் அன்னமா யானையா என்று நான் கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டே, "கப்பு போட்டுடுங்க அத்தை. இந்த வாட்டி நம்மளுதுதான்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவரை ஒரு ஆட்டத்தில்கூட அவர்கள் தோற்கவில்லை.

சேலையில் வரவேண்டிய உருவத்துக்கு ஏற்றபடி அட்டையில் ஓட்டை போட்டுத் தருகிறவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். படத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, கோயில் கலசமா?"

"கலசம் இல்லப்பா. கப்பு."

"கல்யாணச் சேலைக்கா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் மட்டும், "ஜெயிச்சப்புறம் போடலாமே" என்று இழுத்தார். அவனுங்க ஜெயிக்கிற வரைக்கும் முகூர்த்தம் காத்துக்கினு இருக்குமா என்று அவர் வாயை அடைத்தேன். வாங்காத கப்பை ஜரிகையில் வரிசை வரிசையாக நெய்து முடித்து, அரையிறுதிக்கு முந்தின நாள் சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டான்.

அரையிறுதி அன்று காலையில் என் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, பக்கத்துத் தெரு. சேலையைப் பிரித்து, முந்தானையை மடியில் போட்டுப் பார்த்து, "புதுசாக் கீதும்மா, நல்லாதான் இருக்குது" என்று வாயாரச் சொன்னார். இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். பிறகு எங்களோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்தார்.

நல்லாத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒருத்தன் பின்னாலேயே ஒருத்தனாகப் பெவிலியனுக்கு நடையைக் கட்டினார்கள். அவசரமாக வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி. அப்படியும் எதிராளிகள் மட்டை பிடிக்க வந்தபோது ஒரு வழியாகக் கரையேறிவிடலாம் என்று இருந்தது. அப்போதுதான் அந்தக் கேட்ச். தப்பிப் பிழைத்தவன் சும்மா இருப்பானா? கடைசி வரை நின்று ஆடி முடித்துவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆட்டம் என்றால் ஒருத்தன் தோற்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு கேப்டன் வந்து மைக்கின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டே, நிறையப் பாடம் கற்றுக்கொண்டோம் என்றான் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு போட்டியிலும் பாடம் கற்றுக்கொள்கிறார்கள். எத்தனை வருஷமாகப் படிக்கிறார்கள், பாஸ் பண்ணுகிற வழியைத்தான் காணோம். பேச்சு முடிந்ததும் விளம்பரம் வந்தது. கேட்சை விட்ட அதே புண்ணியவான், காற்றில் பறந்து வருகிற கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒற்றைக் கையால் பிடிக்கிறான். பாட்டில் என்றால் கையில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் சேலையில் ஒரு இழை விட்டுப்போனால் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவார். இவர்களுக்குக் கேட்பார் யாருமில்லை.

டிவியை அணைத்தேன். நாத்தனார் முந்தானையை மறுபடி கையில் எடுத்தார்.

"இத யாரு போடச் சொன்னது?"

"உங்க மருமவதான் கேட்டா, அண்ணி" என்றேன். அந்த நேரத்தில்கூட அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை.

"அதான பாத்தேன். நேத்து வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. பொண்ணு வாய வெச்சா, போச்சு. இன்னா ராசியோ."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் சிரித்தான். நானும் ஆத்திரத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அந்தக் கேட்சைத் திட்டுவதிலேயே இருந்துவிட்டேன். ஆனால் தோற்ற கோபத்தில் ஊரே பழி போட ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. பூக்கடையில் ஒருத்தி என்னிடமே, "உங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணுக்கு ராசி பத்தாதாமே" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். எல்லாருமே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். அப்படித்தான் இந்த மாதிரிப் பேச்சு வேர் பிடிக்கிறது. இன்று கிரிக்கெட்டுக்குச் சொல்வார்கள். நாளை தறியில் இழை அறுந்தால் சொல்வார்கள். மறுநாள் வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால் சொல்வார்கள்.

முசரவாக்கத்திலிருந்து போன் நின்றுபோனது. நானாகக் கூப்பிட்டால், "சரிங்க அத்தை", "ஆமாங்க அத்தை". எருமையும் இல்லை, மாடும் இல்லை. கேப்டனைப் பற்றி நான் எடுத்துக் கொடுத்தும் பேசவில்லை. பிறகு அவள் அம்மா பேசினார்: "தப்பா எடுத்துக்காதீங்கமா. வேற சேல எடுத்துக்கலாமான்னு பொண்ணு கேக்குது. அவளாலதான் தோத்துட்டாங்கன்னு உங்க பக்கம் பேசிக்கிறாங்களாமே. ராத்திரில்லாம் அழுவுது."

பதினோரு தடிப்பயல்கள், அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருத்தன், கை கால் பிடித்துவிட ஒருத்தன், தண்ணீர் கொடுக்க ஒருத்தன். விமானத்தில் போய் நட்சத்திர ஓட்டலில் தங்கி, கைக்கு வந்த பந்தைக் கீழே போட்டுவிட்டு வருவான்கள். பழி, முசரவாக்கத்தில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிற பெண்ணின் தலையில். இது எந்த ஊர் நியாயம்? "சேல அதேதான். பொண்ணும் அதேதான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் சேலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தோம். மற்ற இடங்களில் சேலையைத் தொட்டுக் கும்பிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்களாம். எங்கள் சாதிசனத்தில் அப்படி இல்லை. வருகிறவர்கள் எல்லாருக்கும் தறி தெரியும். முந்தானையைப் பிரிப்பார்கள், பின்பக்கம் திருப்புவார்கள், கரை கோர்த்த இடத்தை நகத்தால் தடவுவார்கள். அதற்குப் பிறகுதான் மஞ்சள், குங்குமம் எல்லாம். அன்றும் சேலை கை மாறிக்கொண்டே போனது. கப்பைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோர்வையில் குறை சொல்ல ஒருவராலும் முடியவில்லை. பெண் தலையைக் குனிந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் ஆரம்பித்தார். "மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதும்மா. தோத்த கப்பக் கட்டிக்கினு..."

"அண்ணி, கேட்ச் விட்டவன் அவன். கப்பு நெய்ஞ்சவ நான். இதுல பொண்ணு இன்னா பண்ணா? சொல்லுங்க" என்றேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். மண்டபத்துக்கே கேட்டுவிட்டது.

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அதுக்குப் போயி" என்றார் நாத்தனார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சு மாறிவிட்டது. மறுநாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அவள் மணவறையில் உட்கார்ந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நம்ம டீமுக்கு முதல் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு ஓய்வு. கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மருமகள் அடுக்களையிலேயே ஏதோ வேலையாக இருந்தாள். காய் நறுக்கியாகிவிட்டது, பாத்திரம் துலக்கியாகிவிட்டது, ஆனாலும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செல்போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடத்துல டிவி இருக்குது, இங்க நின்னு இன்னா பண்ற?"

"இருக்கட்டும் அத்தை. நல்லா ஆடிக்கினு இருக்காங்க. நான் வரல."

காபித் தட்டோடு வந்து ஸ்கோர் சொன்ன பெண்ணை நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம். அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து டிவிக்கு நேர் எதிரே உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்து ஒரு ஓவர்கூட ஆகவில்லை, ஸ்டம்ப் பறந்தது.

"பாத்தியா, நீ வந்த, வுழுந்துடுச்சு" என்றான் மகன், சிரித்துக்கொண்டே.

அவளும் சிரித்தாள். சிரித்தபடியே எழுந்தாள். நான் அவள் கையை விடவில்லை.

"நீ உக்காரு" என்று அவளிடம் சொன்னேன். மகன் பக்கம் திரும்பினேன். "நீ எழுந்து போடா."

"சும்மா தமாஷுக்குதாம்மா சொன்னேன்."

"தமாஷ அடுப்பங்கரையில நின்னு பண்ணு. ஆட்டம் முடியறவரைக்கும் இந்தப் பக்கம் வராத."

அப்பாவைப் பார்த்தான். அவர் டிவியைப் பார்த்தார். எழுந்து போய் அடுக்களை வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டான். மகன் போன பிறகு, டிவியில் அடுத்து ஆட வந்தவன் முதல் பந்தையே தூக்கி அடித்து எதிராளி கையில் கொடுத்துவிட்டு நடந்தான். அவள் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது.

"சொல்லு, இப்ப இவன் யாரால போனான்?" என்று கேட்டேன்.

அவள் அடுக்களைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள்.

"அவனாலதான் அத்தை. வந்ததும் வராததுமா கண்ண மூடிக்கினு மட்டையத் தூக்கினா வேற இன்னா ஆவும்?" என்றாள்.