கட்டைவிரல் கேட்டு வந்தவர்

நாத்தனாரைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வீட்டுக்காரருடைய அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கும்பகோணத்திலிருந்து வங்காளத்துக்கு வந்து, லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டோடு இருந்தார். வங்காளியில் ஒரு வார்த்தை தெரியாது. சண்டை போட அது அவருக்கு ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். எங்கள் தெருக் காய்கறிக்காரர் அண்ணி தலையைக் கண்டாலே தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்தான், மறைப்பானேன்.

மெட்ரோவுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் பவானிபூரில் ஒரு தமிழர் மளிகைக் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிற வேலையில் இருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பியவரை, பள்ளத்துக்கு ஒதுங்கி ஓரமாக ஏறிய மினி பஸ் அடித்துவிட்டது. வலது கால் நொறுங்கிப் போனது. காலை எடுக்க வேண்டி வரலாம், எடுக்காவிட்டாலும் இனி நாளெல்லாம் நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றே பார்க்கிற வேலை அவருடையது. பஸ்காரனிடமிருந்து நஷ்டஈடு வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, தோல் பை, கையில் இளநீர். அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல் என்னை வாய் நிறைய 'பௌதி' என்றார். ராமேஸ்வரம் போனபோது கற்றுக்கொண்டதாம், 'நல்லா இருக்கீங்களா' என்று தமிழில் வேறு கேட்டார். பஸ் நம்பர், கடை, வீடு எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் முன்பணம் எதுவும் வாங்காமல் கேஸ் நடத்திக் கொடுப்பார் என்றார். நான் டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள், வங்காளி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் அந்த இரண்டு வார்த்தைத் தமிழில் உருகிப் போய்விட்டேன். அண்ணி மட்டும் இளநீரைத் தொடவில்லை. அறியாதவன் தெரியாதவன் கொடுத்தால் வாங்கிவிடுவதா என்று என்னைத்தான் திட்டினார்.

அதற்கடுத்த நாள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். என் வீட்டுக்காரர் மயக்க மருந்தில் கிடந்தார், பக்கத்தில் அண்ணி மட்டும். திரும்பி மாடி ஏறும்போதே அண்ணியின் குரல் கேட்டது.

"படுத்துக் கெடக்கறவன்கிட்ட டிப்ஸு கேக்கறியே, நீயெல்லாம் மனுசனாடா?"

வார்டே எழுந்து உட்கார்ந்திருந்தது. இளநீர் கொண்டுவந்த ஆள் ஒரு கையில் மைப்பெட்டியும் இன்னொரு கையில் காகிதமுமாக நின்று, 'டிப்சொய், டிப்சொய்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி, அவர் டிப்ஸ் கேட்கவில்லை, டிப்சொய் என்றால் கைநாட்டு என்று சொல்லிக்கொண்டே கட்டிலைப் பார்த்தேன். நினைவில்லாமல் கிடந்தவரின் கட்டைவிரல் நீலமாக இருந்தது. அடப்பாவி, மை தடவிவிட்டான்! காகிதத்தில் வைத்து அழுத்துவதுதான் பாக்கி. அதற்குள் அண்ணி கத்திவிட்டார்.

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தார். இவன் வக்கீலுக்குக் கேஸ் பிடித்துக் கொடுக்கிற தரகன் என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தேடி வக்கீல் வரக்கூடாது என்பது சட்டம், அதனால் இப்படி ஆளை அனுப்புகிறார்களாம். கைநாட்டு கிடைத்ததும் பஸ் முதலாளியோடு ரகசியமாகப் பேசி முடித்துக்கொள்வார்கள், அடிபட்டவனுக்கு மிஞ்சுவது எலும்புத் துண்டு. நான் அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்துத் தம்பியின் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில்காரப் பையனின் அம்மா, தன் மகன் விரலையும் நேற்று இப்படித்தான் பிடித்து வைத்தார்கள் என்று மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, தானே தப்பு செய்தவர்போல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அதையும் தமிழில் சொன்னேன்.

நானாயிருந்தால் நம் தலை தப்பியது என்று இருந்திருப்பேன். அண்ணி எழுந்து போய், நழுவப் பார்த்த அந்த ஆளை விடாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் காதில் விழுந்த ஒரு சொல், 'கொடு' என்பதற்குக் காய்கறிக்காரரிடம் பொறுக்கிய ஒரு சொல், இரண்டையும் சேர்த்து, கையை நீட்டி, "டிப்சொய் தாவோ" என்றார்.

அந்தப் பையனின் கைநாட்டுக் காகிதத்தைக் கொடு என்று கேட்கிறாராம். வங்காளியில் அதற்கு உன் கைநாட்டைப் போடு என்றல்லவா அர்த்தம்! அந்த ஆளுக்கு முகம் வெளிறிவிட்டது. மாவுக்கட்டோடு கிடந்த ஒருவர், சரியான பேச்சு, போடட்டும், போலீஸில் கொடுப்போம் என்றார். வார்டு முழுக்க 'தாவோ, தாவோ' என்று பிடித்துக்கொண்டது. நர்ஸ் கொஞ்சமும் சிரிக்காமல் மைப்பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். ஊரார் கட்டைவிரலைத் தேடித் தேடிப் பிடித்தவர் தன் கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்த காகிதத்தையெல்லாம் தரையில் கொட்டிவிட்டு அண்ணியின் கைக்கடியில் புகுந்து ஓடினார். நர்ஸ் தேடி எடுத்துக் கொடுத்த காகிதத்தை அந்த அம்மா நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார்.

என்ன கேட்டோம் என்று தெரியுமா என்று பிறகு அண்ணியிடம் அர்த்தத்தைச் சொன்னேன். வெட்கப்படுவார் என்று பார்த்தால், "சரியாத்தானே கேட்டிருக்கேன்" என்றார். என்ன மனுஷி! எனக்குக் கும்பிடத் தோன்றியது.

மளிகைக் கடைக்காரர் சொன்ன வக்கீலை நாங்களே தேடிப் போனோம். அந்த அம்மாவையும் அண்ணிதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வக்காலத்துக் காகிதம் எங்கள் கைக்கு வருவதற்குள் என் வீட்டுக்காரருக்குக் காலை எடுத்துவிட்டிருந்தார்கள். நினைவு வந்திருந்தது. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கொடுத்தால் வாங்காமல் கட்டைவிரலை நீட்டினார். கையெழுத்து எதற்கு, விரலை வைத்துவிடுகிறேனே என்றார்.

அண்ணி அவரைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, காகிதத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார்.

"முழுப் பேரும் போடு தம்பி. அப்பா பேரையும் சேத்துப் போடு. மெதுவாப் போடு, நான் நிக்கறேன்."