மேல்மண்

இசக்கிமுத்து அதிகம் பேசமாட்டார். மற்றவர்கள் பேசுவதற்குப் பெயர் வைப்பார்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிற வேலை. மூச்சு விடாமல் பேசுகிறவன் அவருக்கு ‘பெல்ட்’. ஓரிடத்தில் கேட்டதை இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறவன், மண்ணை இறைத்துப் பரப்பும் எந்திரத்தின் பெயரில் ‘ஸ்பிரெட்டர்’. வாயைத் திறந்ததும் கண்ணில் நீர் வருகிறவர்கள் ‘பம்ப்’. கேன்டீனில் அவர் ஒரு பெயர் வைத்தால் அடுத்த ஷிஃப்டுக்குள் எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

‘மேல்மண்’ மட்டும் வீட்டில் பிறந்த பெயர். நிலக்கரியைக் கண்ணால் பார்க்க அதன் மேலே கிடக்கும் மலையளவு மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். மனைவி சுப்புலட்சுமியிடம் ஒரு செய்தி கேட்பதும் அப்படித்தான். கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்ல, காலையில் பால்காரர் தாமதமாக வந்ததில் தொடங்குவாள். பால்காரர் மகளின் பரீட்சை, அவள் போகும் வேன், வேன் ஓட்டுகிறவரின் முழங்கால் வலி. இசக்கிமுத்து போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் சிங்காரவேலிடம் சொல்வார்:

“இன்னும் மேல்மண்தாம்வே. கரி தட்டுனா சொல்லுதேன்.”

பக்கத்து ஊரான வடக்குத்தில் சிங்காரவேல் மகளுக்கு வளைகாப்பு. சிங்காரவேலின் மனைவி தனம் கூடத்தில் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“மேல்மண் அக்கா வர்றதுக்குள்ள பந்தி வச்சிடுங்கடி. அத பேச உட்டா கொழந்தையே பொறந்துடும்!”

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சுப்புலட்சுமியும் சிரித்தபடியே உள்ளே வந்தாள்.

“யாரு தனம் அது, மேல்மண்?”

தனம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “என்னாண்ட கோச்சிக்காதீங்கக்கா. உங்க வூட்டுக்காரரு வச்ச பேருதான். மைன்ஸ் பூரா சொல்லிக்கினு இருக்காங்க.”

சுப்புலட்சுமி திரும்பிப் பார்த்தாள். ஆண்கள் நடுவே இசக்கிமுத்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் வீட்டில் மண் விழவில்லை. “கேஸ் தீந்துட்டு.” “தண்ணி வரல.” “சாப்பிடுங்க.” முதலில் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு, குவார்ட்டர்ஸில் மின்விசிறி இவ்வளவு சத்தம் போடுமா என்று தோன்றியது.

“கோவமாட்டி?”

“இல்ல.”

பழையபடி ஒரு தடவை பேசிவிட மாட்டாளா என்றிருந்தது.

ஒரு நாள் முதல் ஷிஃப்டில், பெல்ட் நின்றிருந்த நேரம் போன் வந்தது.

“உங்க தம்பி செத்துட்டாரு.”

“யாரு?”

“ஜெயகணேஷ்.”

இவரே ஊரிலிருந்து கூட்டிவந்து காண்ட்ராக்ட் வேலையில் சேர்த்துவிட்ட தம்பி. கல்யாணம் ஆகாதவன். முன்தினம் வந்து தோசை தின்றுவிட்டுப் போனவன்.

“எப்படிட்டி?”

“நெஞ்சுவலி.”

“எங்க வச்சு?”

“பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல.”

கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு துண்டாக வந்து விழுந்தது. கேள்வி தீர்ந்ததும் போனில் ஒன்றுமில்லை. காலுக்கடியில் தரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

“இன்னாண்ணே,” என்றான் சிங்காரவேல், “இன்னிக்கி சீக்கிரமே கரி தட்டிடுச்சா?”

வீட்டுக்கு வந்தபோது சுப்புலட்சுமி முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் முன்ன பின்ன சொல்லிருக்கக் கூடாதாட்டி?”

“கரிதான கேட்டீய?” என்றாள்.

அதற்குள் ஊரிலிருந்து அக்கா திலகவதியின் போன். தாயில்லாத வீட்டில் ஜெயகணேஷை இடுப்பில் வைத்து வளர்த்தவள்.

“என்னல, கணேசன் போன எடுக்க மாட்டேங்கான்?”

அவருக்குத் தெரிந்தது ‘செத்துட்டான்’ என்ற ஒரே சொல்தான்.

“சாப்பிட்டியாக்கா?” என்றார். “இங்க மழை,” என்றார். வெளியே வெயில் கொளுத்தியது.

“என்னல ஒரு மாதிரி பேசுத?”

சுப்புலட்சுமி கை நீட்டிப் போனை வாங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மைனி, நான் சுப்பு. உங்க வீட்டு அண்ணன் பக்கத்துல இருக்காவளா? கூப்பிடுங்க. நீங்க உக்காந்துக்கிடுங்க. ஒண்ணுமில்ல மைனி, இன்னைக்கு காலையில பால்காரர் வர நேரமாயிட்டு…”

இசக்கிமுத்து சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பால்காரர் வந்தார். வேன் வந்தது. பண்ருட்டி பஸ்ஸில் கூட்டம். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

மண் தீர்ந்துகொண்டே வந்தது.