கையைத் தூக்கினால் நிறுத்துவேன்

போன வருடம் தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்த சமயம். ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை நான் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பின்கட்டிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "அம்மா, குளவி கொட்டிருச்சு" என்றாள்.

வலது கன்னம் உப்பித்தான் இருந்தது. நம் ஆட்களுக்குக் குளவி கொட்டினால் என்ன செய்வதென்று சொல்லித் தர வேண்டுமா என்ன? பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். நான் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும்போதெல்லாம், கைக்குழந்தையிலிருந்து என் மகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வெற்றிலைப் பெட்டியோடு ஓடி வந்தார். இருவருமாகச் சேர்ந்து பிள்ளையின் கன்னம் முழுக்கச் சுண்ணாம்பு பூசிவிட்டோம்.

தலையில் எண்ணெய் வைத்தாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை அவள். அன்றைக்கு அந்த எரிச்சலையும் பொறுத்துக்கொண்டு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சுடச்சுட எடுத்த முறுக்கையும் வேண்டாம் என்றாள். சரி, வலியில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவளை எழுப்பப் போனேன். வீக்கம் கன்னத்தைத் தாண்டிக் கண்ணுக்குக் கீழே வந்திருந்தது. வலது கண் பாதிதான் திறந்தது. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. என் கணவர் லாரி ஓட்டிக்கொண்டு ஜொகூர் பக்கம் போயிருந்தார். மறுபடி அக்காவைத்தான் கூப்பிட்டேன். அவர் பிள்ளையின் முகத்தருகே குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"அடியே, இது குளவி இல்லலா. பல்லு! வாய் வாடைய பாரு நீ."

வாயைத் திற என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கிளினிக்குக்குப் போகலாம் என்று நான் கார் சாவியை எடுத்ததுதான் தாமதம், ஓடிப்போய் வாசல் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"பல்லு மிஸ்ஸிகிட்ட கொண்டுபோவாதம்மா! நான் இனிமே கொறும்பு பண்ண மாட்டேன். சொன்ன பேச்சு கேக்குறேன். சத்தியமாம்மா!"

அதைக் கேட்டபோது என் நெஞ்சில் யாரோ ஓங்கி மிதித்தது போல இருந்தது. பிள்ளைக்கு வலி. ஆனால் நாங்கள் அவளைத் தண்டனைக்குக் கொண்டு போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குத்தான் குளவிக் கதை. அதற்குத்தான் சுண்ணாம்பைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வேறு எப்படி நினைப்பாள்? எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்போம். எங்கள் வரிசை வீடுகளில் பேய், பிசாசு, போலீஸ்காரர் யாருக்கும் மரியாதை கிடையாது. பிள்ளை சோறு சாப்பிடவில்லையா, பல்லு மிஸ்ஸிகிட்ட பிடித்துக் கொடுப்போம். தூங்கவில்லையா, பல்லு மிஸ்ஸி வருவார். அக்கா சொல்வார், நான் சொல்வேன், எதிர்வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். இது போதாதென்று என் சொந்தக் கதை வேறு.

நான் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறை பல் பார்க்கும் குழு வேனில் வரும். வேன் சத்தம் கேட்டதும் நாங்கள் பாதிப் பேர் ஜன்னல் வழியாகக் குதித்து ரப்பர் பால்மரக் காட்டுக்குள் ஓடிவிடுவோம். தோட்டத்துக் கங்காணியான மண்டோர் வந்து ஒவ்வொரு மரமாகத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார். ஒரு தடவை என்னையும் பிடித்து உட்கார வைத்தார்கள். வலிக்கிறது என்று கையைத் தூக்கினேன். கையைப் பிடித்து இறக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, வரிசையில் அத்தனை பிள்ளைகள். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியிலிருந்து இறங்கி ஓடியவள்தான், அதற்கப்புறம் எந்தப் பல் டாக்டர் முன்னாலும் நான் வாயைத் திறந்ததில்லை. இந்தக் கதையை நான் ஓடின மாதிரி நடித்துக் காட்டி, வீட்டில் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் மகளுக்கு மிகவும் பிடித்த கதை அது. அவள் பள்ளிக்குப் பல் குழு வரும் நாளில் அவளுக்குச் சரியாக வயிற்றுவலி வரும். எனக்குத் தெரியாதா அந்த வயிற்றுவலி? பாவம் என்று வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவேன்.

எப்படியோ கேட்டிலிருந்து பிரித்தெடுத்துக் காரில் ஏற்றினோம். அக்கா பின்சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டார். அழுகை நிற்கவில்லை. அக்கா கைப்பையைத் துழாவி, "இந்தா கண்ணு, அழாதலா" என்று எதையோ எடுத்து நீட்டினார். கண்ணாடியில் பார்க்கிறேன், மிட்டாய்!

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவரே பயந்துபோய் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அரசாங்கப் பல் கிளினிக்கில் எங்களை உள்ளே கூப்பிட்ட டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். முகத்தில் சுண்ணாம்புத் தீற்றலோடு நின்ற என் மகளைப் பார்த்ததும், "குளவியா?" என்றார், தமிழில்! தெலுக் இந்தானில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நிறையப் பல் பார்த்திருக்கிறாராம். அங்கே கற்றுக்கொண்ட தமிழ். குளவி என்று சொல்லி வரும் பிள்ளை இவள் முதலாவது இல்லையாம்.

வீக்கத்தை வெளியிலிருந்தே மெல்லத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. மேல்பல் ஒன்று சொத்தையாகி வேரில் சீழ் பிடித்திருக்கிறது, அது கண் பக்கமாக ஏறுகிறது, இன்றே பல்லை எடுத்துச் சீழை வெளியேற்ற வேண்டும் என்று என்னிடம் மலாயில் சொன்னார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை என்றால் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டுமாம். அதிலும் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் காத்திருக்கும் நேரத்தில் வீக்கம் கண்ணுக்குள் போய்விட்டால் ஆபத்து என்றார்.

என் மகள் நாற்காலியில் ஏறவே இல்லை. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்கா பொறுமை இழந்துவிட்டார்.

"வாய தொறக்கறியா இல்ல பெரிய ஊசியா போடச் சொல்லவா?"

டாக்டருக்கு ஊசி என்ற வார்த்தை நன்றாகவே தெரிந்திருந்தது. சிரித்தபடியே அக்காவின் தோளில் கை வைத்து, "அக்கா, நீங்க வெளிய போய் தே ஓ குடிங்க" என்று டீ குடிக்க அனுப்பிவிட்டார். பிறகு தரையில், என் மகளின் உயரத்துக்கு உட்கார்ந்தார். எதற்குப் பயம் என்று கேட்டார். உதட்டைப் பிரிக்காமலே என் மகள் முனகினாள்.

"அம்மாவுக்கும் பயம். அம்மா காட்டுக்குள்ள ஓடிட்டாங்க."

மானம் போயிற்று. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப அம்மா மொதல்ல ஒக்காரட்டும். ஓகேயா?" என்றார் டாக்டர்.

என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாதி மூடிய அந்தக் கண்ணில் நம்பிக்கை இல்லை. அம்மா ஓடிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், கதவு எங்கே இருக்கிறது என்று நானும் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த வீங்கின முகத்தை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? முருகா என்று ஏறிப் படுத்தேன்.

டாக்டர் ஒரு காரியம் செய்தார். சின்னக் கண்ணாடியை என் மகளின் கையில் கொடுத்து, விளக்கை என் வாய்க்கு நேராகத் திருப்பி, ஒரு ஸ்டூலில் அவளை ஏற்றிவிட்டார். மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள் அவள்.

"அம்மா! ஒனக்கும் கருப்பு இருக்கு! மூணு இருக்கு!"

என்ன சந்தோஷம் அந்தக் குரலில்! டாக்டர், பல்லைத் தட்டிப் பார்க்கப் போகிறேன், காற்று அடிக்கப் போகிறேன் என்று ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். பிறகு, "வேணாம்னா கைய தூக்குங்க. நான் நிறுத்துவேன்" என்றார்.

சொத்தைப் பல்லில் காற்றுப் பட்டதும் உச்சந்தலை வரை கூசியது. என்னையறியாமல் கை மேலே போய்விட்டது. பிடித்து இறக்கப் போகிறார்கள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

யாரும் பிடிக்கவில்லை. சத்தம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால், டாக்டர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வலியில் இல்லை. ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. என் மகள் தன் சட்டை நுனியால் என் கண்ணைத் துடைத்தாள். "ஒண்ணும் இல்லம்மா. நிறுத்திட்டாங்க பாரு" என்றாள்.

நான் இறங்கியதும் அவளாகவே ஏறிக்கொண்டாள். ஆனால் வாயைத் திறக்கும் முன்னால் கையைத் தூக்கிப் பார்த்தாள். டாக்டர் உடனே பின்னால் நகர்ந்தார். மறுபடி தூக்கினாள். மறுபடி நகர்ந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, மற்ற அறைகளில் விளக்கை அணைத்துவிட்டார்கள். உதவிக்கு நின்ற மிஸ்ஸிகூட இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் மட்டும் அவசரமே இல்லாதவர் போலப் பிள்ளை கையைத் தூக்கும்போதெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தார். அவள் சோதித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசியில் வாய் திறந்தது.

ஊசி போடும்போது வலிக்காது என்று அவர் பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் சாக்கிட், வலிக்கும். எறும்பு கடிக்கும், அப்புறம் எறும்பு தூங்கிடும்" என்றார். வலிக்கும் என்று தெரிந்தே என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு தடவை கை எழுந்தது, டாக்டர் நிறுத்தினார், கை இறங்கியதும் தொடர்ந்தார். பல் வந்தது. பின்னாலேயே சீழும் வந்தது. என் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே அந்த இறுக்கம் தளர்வதைப் பார்த்தபோது, அந்தப் பெண்ணின் காலில் விழலாமா என்று தோன்றியது.

அதற்கப்புறம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். திட்டவில்லை. வெளியே இருந்த அக்காவையும் உள்ளே அழைத்து, தூங்கும்போது பால் போத்தல் கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

"இனிப்பு டின்பால்தான் டாக்டர். அதுலதான் நல்லா தூங்கும். வாயிலயே வச்சிருக்கும்" என்றார் அக்கா, பெருமையாகத் தொடங்கி, முடிக்கும்போது குரல் இறங்கிப்போய்.

"ரொம்பச் செல்லம், ஆ?" என்று டாக்டர் சிரித்தார். இனிமேல் அழுதால் மிட்டாய் வேண்டாம், மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள், இரவு பல் விளக்கிய பிறகு தண்ணீர் மட்டும்தான் என்றார். பல் குழு வரும் நாளில் பள்ளிக்குக் கட்டாயம் அனுப்புங்கள் என்று என்னிடம் சொன்னார். அந்த வயிற்றுவலியும் அவருக்குத் தெரிந்திருந்தது! என் மூன்று சொத்தைகளுக்கும் தீபாவளிக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

போனேன். மகளையும் அழைத்துக்கொண்டுதான் போனேன், எனக்குத் துணையாக. அக்கா நன்றிக்கடனாக ஒரு பெரிய டப்பா நிறைய நெய் உருண்டை கொடுத்து அனுப்பியிருந்தார். பல் டாக்டருக்கு நெய் உருண்டையா என்று டாக்டர் சிரித்த சிரிப்பு வெளியே வரை கேட்டிருக்கும். ஆனால் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் நின்ற ஓர் அம்மா, அடம்பிடித்துத் தரையில் உருண்ட தன் சின்ன மகளிடம், "எந்திரிக்கலன்னா பல்லு மிஸ்ஸிகிட்ட விட்டுட்டு போயிருவேன்" என்றார். குழந்தை விறைத்துப்போய் எழுந்து நின்றது. நான் வாயெடுப்பதற்குள் என் மகள் அந்தக் குழந்தையின் அருகே போய்க் குனிந்தாள்.

"பயப்படாதலா. நீ கைய தூக்கினா அவங்க நிறுத்திடுவாங்க."

கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள் என்று இந்த உலகத்தை நம்ப என் பிள்ளைக்கும், அவளைப் பார்த்து எனக்கும் கற்றுக் கொடுத்த அந்த டாக்டரை, இப்போதும் ஒவ்வொரு இரவும் நாங்கள் இருவரும் கண்ணாடி முன் நின்று பல் விளக்கும்போது நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.