பதினோராம் மாடியில் ஓர் அறிவிப்பு

தோமோயேவுக்குத் தன் பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடு. பள்ளியில் யாராவது பெயர் கேட்டால் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும், வகுப்பே சிரிக்கும். வளர்ந்த பிறகும் உணவகத்தில் படத்தைத் தொட்டுக் காட்டித்தான் நூடுல்ஸ் கேட்பாள். பேச்சு தேவைப்படாத கிடங்கு வேலைகளாகப் பார்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டித்தான் ஷிபுயா நகர்ப்பகுதியின் ஓர் அடுக்குமாடிக் கோபுரத்துக்கு வேலைக்கு வந்தாள். அடித்தளத்தில் ரயில் நிலையம், பதினோராம் மாடியில் நாடக அரங்கு. வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துத் தலை வணங்கினால் போதும். நாடகம் என்றால் அவளுக்கு உயிர்.

ஆகஸ்டில் ஒரு மதியம் மழை கொட்டித் தீர்த்தது. ரயில்கள் நின்றுபோயின. அரங்கு பாதி நிறைந்திருந்தது. கதாநாயகனோ வழியில் ஒரு ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அறிவிப்புச் செய்யும் பெண்ணும் வந்து சேரவில்லை.

மேலாளர் இகராஷி ஓடி வந்தார். "தோமோயே, நான் காரை எடுத்துட்டுப் போய் அவரைக் கூட்டிட்டு வரேன். நீங்க மேடையேறி விஷயத்தைச் சொல்லிடுங்க."

"எ... என்னால முடியுமா? என் பேச்சு உ... உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். மெதுவா சொல்லுங்க. யாராலும் இப்ப எங்கயும் போக முடியாது."

மேடையில் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"எ... என் பெயர் தோ... தோ..."

சொல் வரவே இல்லை. அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: "நிதானமா சொல்லும்மா. ரயிலே நிக்குது, நமக்கென்ன அவசரம்?"

அரங்கமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாகப் பெயர் வெளியே வந்தது. பிறகு திக்கித் திக்கியே எல்லாவற்றையும் சொன்னாள். கதாநாயகன் நம்மைப் போலவே ரயிலுக்காகத் தவம் கிடக்கிறார் என்றபோது கைதட்டல் எழுந்தது.

மாலையில் நாடகம் தொடங்கியது. நனைந்த சட்டையோடு வந்த கதாநாயகன், "எனக்கு முன்னாடியே கைதட்டு வாங்கிட்டீங்களாமே!" என்று அவளைச் சீண்டினார்.

அடுத்த வாரம் அறிவிப்பு வேலையில் பாதியைத் தனக்குத் தரச்சொல்லி அவளே போய்க் கேட்டாள். இகராஷி யோசிக்கவே இல்லை, உடனே சம்மதித்தார். இன்றும் திக்கல் போகவில்லை. சொல் வரும்வரை அவள் நிற்கிறாள், அரங்கும் காத்திருக்கிறது.