கொட்டாஞ்சேனைக் கிழவரின் பொட்டு

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். காலையில் குளித்துப் பிள்ளையாருக்கு விளக்கேற்றாமல் தேத்தண்ணீர் குடிக்காதவள். கடவுளைக் கும்பிடவே நேரம் போதாமல் கிடக்கிறது, இதற்குள் பேயையும் நம்பிக்கொண்டு திரிய எனக்கென்ன வேலையில்லையா? அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாரும் எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது வெள்ளவத்தையில், என் வீட்டு முன்ஹோலில், பட்டப்பகலில் நடந்தது.

சண்டைக் காலம் அது. எங்கள் ஆட்கள் வீடுகளைக் காலி செய்துகொண்டு கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். என் கணவரின் அக்கா, இந்திரா மச்சாள், லண்டனில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து எங்களோடு தங்கியிருந்தார். போகிறவர்களின் வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். பழைய சாய்மனைக் கதிரை, குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு, வெற்றிலைத் தட்டம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து என் முன்ஹோலில் நிரப்புவார். பிறகு வெள்ளைக்காரர்களும் கறுவாத்தோட்டத்துச் சீமாட்டிகளும் வந்து வாங்கிப் போவார்கள். வியாபாரம் என்று வாய் தவறியும் சொல்லமாட்டார்.

"இது என்ர டேஸ்ட், தேவி. ஆக்கள் சாமானை வாங்கயில்லை, என்ர ஸ்டைலை வாங்கினம்" என்பார்.

அந்த ஸ்டைலை நான் சொல்கிறேன், கேளுங்கள். ஆட்டுக்கல்லில் பூச்செடி. பால் காய்ச்சுகிற செம்பில் குடை. யாரோ ஒரு மனுசி நாற்பது வருடம் கற்பூரம் காட்டிய தட்டில் வெள்ளைக்காரன் சிகரெட் சாம்பல் தட்டுவான், இவர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவார்.

எல்லாவற்றிலும் கேவலம், செத்தவர்களின் படங்கள். சித்திரவேலை செய்த கருங்காலிச் சட்டத்துக்குள் தலைப்பாகையோடு நிற்கிற கிழவர்கள். சொந்தப் பிள்ளைகள் பெட்டியில் இடமில்லை என்று விட்டுப்போனவர்கள். மச்சாள் அவர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வரும்போது சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் மறித்து "யார் இது?" என்று கேட்பானாம். இவர் ஒவ்வொரு படத்தையும் காட்டிச் சிங்களத்தில் "மகே சீயா" என்பாராம், அதாவது என்னுடைய தாத்தா. புறக்கோட்டைச் சாவடியில் ஒரு தாத்தா, கொள்ளுப்பிட்டியில் இன்னொரு தாத்தா. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மனிதருக்கு இரண்டு தாத்தாதானே உண்டு, மச்சாளுக்கு மட்டும் ஒரு சுவர் நிறையத் தாத்தாக்கள்!

மாலை போட்டுப் பொட்டு வைத்தால்தான் வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும் என்று சந்தனச் சீவல் மாலைகள் வாங்கிவந்து எல்லாப் படத்துக்கும் போட்டார். பொட்டு வைக்கிற வேலையை என் தலையில் கட்டினார்.

"நீதானே வீட்டில சாமிக்காரி. நல்லா அரைச்சு வை. மஞ்சளா எடுப்பாத் தெரியோணும்."

நான் மறுக்கவில்லை. அவருக்காக அல்ல. யார் பெற்ற ஆத்மாக்களோ, வந்து என் வீட்டுச் சுவரில் அநாதையாகத் தொங்குகின்றன, கும்பிட ஒரு ஆளாவது வேண்டாமா? ஒவ்வொரு நாளும் பூசை முடிந்த கையோடு சந்தனம் அரைத்து, ஒவ்வொரு கண்ணாடியிலும் நெற்றிக்கு நேராக வைத்து, நடுவில் குங்குமம் தொட்டு, நல்லபடியாக இருங்கோ என்று சொல்லிவிட்டுத்தான் சமைக்கப் போவேன்.

எல்லாப் பொட்டும் நின்றது, ஒன்றைத் தவிர. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டிலிருந்து வந்த கிழவர், பெரிய மீசை, கையில் பிரம்பு. காலையில் வைத்தால் உலை கொதித்து இறக்குவதற்குள் கண்ணாடி கழுவிவிட்டது போல இருக்கும். பல்லி நக்கியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு கரப்பான் என்று நினைத்தேன். பக்கத்துப் படத்துச் சந்தனம் கசக்குமா என்ன அந்தக் கரப்பானுக்கு? இதற்குள் மச்சாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வைக்கிறதுக்குப் பஞ்சியெண்டால் சொல்லு தேவி. வைச்சனான் எண்டு பொய் சொல்லாதை."

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த நாள் கொஞ்சம் தடிப்பாகவே வைத்துவிட்டு, சுளகையும் கீரையையும் எடுத்துக்கொண்டு வந்து படத்துக்கு முன்னாலேயே குந்திவிட்டேன். பல்லியா கரப்பானா என்று இன்றைக்குப் பார்த்துவிடுவோம் என்று. ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வெயில். கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், நான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பொட்டு சுருங்கத் தொடங்கியது. வழியவில்லை, உதிரவில்லை. கடற்கரை மணலில் தண்ணீரை ஊற்றினால் எப்படி உள்ளே போகும், அப்படிக் கண்ணாடிக்குள்ளே போனது. கடைசியாகக் குங்குமம் ஒரு ஊசிமுனை அளவு நின்று, அதுவும் போனது. என் வாயில் தேவாரம் கூட வரவில்லை.

அன்றைக்குப் பகலே அந்தப் படத்தை எடுத்துப்போக ஒரு வெள்ளைக்காரப் பெண் வருவதாக இருந்தது. அவளுக்கு முன்னால் வாசலில் வந்து நின்றது வேறொரு பெண். வயது அறுபதுக்குக் கிட்ட, வெறும் நெற்றியில் திருநீறு, காலெல்லாம் புழுதி.

"பிள்ளை, கொட்டாஞ்சேனையில இருந்து வாறன். என்ர பேர் புவனம். என்ர மாமான்ர படம் ஒண்டு இஞ்ச வந்ததாம். மருமகன் எனக்குச் சொல்லாமல் வித்துப்போட்டார்."

மச்சாள் உள்ளேயிருந்து வந்து, "அது வித்தாச்சு அம்மா" என்றார்.

"மாமா உங்களுக்கே இருக்கட்டும். பின்னுக்கு என்ர மகன் இருக்கிறான்."

பிறகுதான் விளங்கியது. அவருடைய மகன் குகனை, வேலைக்குப் போன வழியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டைச் சோதிக்க வருகிறவர்கள் இளம் பெடியன் படத்தைக் கண்டால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று, இவர் மகனின் ஒரே படத்தை மாமனாரின் படத்துக்குப் பின்னால் வைத்து ஒட்டிவிட்டார். தெற்கில் ஒரு ஆமி முகாமில் அவனைப் போல ஒருவன் இருப்பதாக யாரோ சொல்லப் போயிருக்கிறார். வாசலில் நின்றவன், பெயர் போதாது, படம் கொண்டு வா என்றானாம். எடுக்க வீட்டுக்கு வந்தால் சுவர் வெறுமையாக இருந்ததாம்.

மச்சாளுக்கு அப்போதும் தன் ஸ்டைல்தான். "பின்பக்கத்துப் பழைய தாள் கிழியாமல் இருந்தால்தான் அதுக்குப் பெறுமதி. ஒட்டைக் கிழிச்சால் அவ எடுக்கமாட்டா."

"மச்சாள், அந்த மனுசி பிள்ளையைக் கேக்குது!"

"நீ குசினியைப் பார், தேவி."

நான் குசினிக்குத்தான் போனேன். மரக்கறி வெட்டுகிற கத்தியோடு திரும்பி வந்தேன். மச்சாள் ஆங்கிலத்தில் ஏதோ கத்தக் கத்த, படத்தைக் கழற்றி நிலத்தில் கவிழ்த்து, அந்தத் தாளை நீளத்துக்குக் கிழித்தேன். அதுவரை ஒட்டு எங்கும் விட்டிருக்கவில்லை, ஒரு எறும்பு போக வழியில்லை. பலகையைத் தூக்கினேன்.

குகன் மேலே பார்த்தபடி படுத்திருந்தான். வெள்ளைச் சேட், சிரித்த முகம். அவனைச் சுற்றி, இரண்டு படங்களுக்கும் நடுவில், சந்தனம். நான் வைத்த அத்தனை நாள் சந்தனமும் குங்குமமும் ஓரங்களில் ஒதுக்கி விட்டதுபோலக் குவிந்து கிடந்தது. அவன் நெற்றியில் மட்டும் ஒரு துளி இல்லை.

செத்தவர்களுக்கு வைக்கிற பொட்டு. உயிரோடு இருக்கிற பிள்ளை என்று தாய் தேடிக்கொண்டு திரிய, நான் தினமும் அரைத்து அரைத்து அவன் நெற்றிக்கு நேரே வைத்திருக்கிறேன்.

புவனம் அக்கா அழவில்லை. சிரித்தார். "பாத்தியளே! வேண்டாமெண்டு தள்ளிவிட்டிருக்கிறான். என்ர பிள்ளை இருக்கிறான். நீங்கள் சாமி கும்பிடுற ஆள், பொய் சொல்லமாட்டியள். சொல்லுங்கோ, இருக்கிறான்தானே?"

"ஓம் அக்கா, இருக்கிறான்" என்றேன்.

படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பெண் கிழிந்த தாளைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கிழவரை வாங்கிக்கொண்டு போனாள். அவள் வரும் முன் மச்சாள் அவசரமாக வைத்த பொட்டு ஆடாமல் அசையாமல் நின்றது. இன்றைக்குக் கேட்டாலும் மச்சாள், "தேவிதான் பின்னால கொட்டி வைச்சவள்" என்று சத்தியம் செய்வார். ஊர்த் தாத்தாக்களையெல்லாம் சொந்தத் தாத்தா என்று சத்தியம் செய்த வாய்தானே.

முகாமில் இருந்தது வேறு யாரோ பெற்ற பிள்ளையாம். புவனம் அக்கா இப்போது கனடாவில், மகளோடு. குகனின் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. தைப்பொங்கலுக்குத் தொலைபேசியில் கதைக்கும்போது அதே கேள்வியைக் கேட்பார். நானும் ஓம் என்பேன். உயிரோடு எங்கோ இருக்கிற ஒருவன் கொழும்பில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் வந்து சந்தனத்தைத் தள்ளுவானா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அந்தச் சந்தனத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வழித்து ஒரு குங்குமச் சிமிழில் போட்டுச் சாமித் தட்டில் வைத்தேன். யாருக்கும் பூசவும் முடியாது, கடலில் கரைத்தால் அவன் இல்லை என்று நானே முடிவு சொன்ன மாதிரி. எத்தனையோ வருடம் போய்விட்டது. பக்கத்துக் கிண்ணத்தில் நேற்று அரைத்து வைத்த சந்தனம் இன்று காலை வெடித்துக் காய்ந்து கிடக்கிறது. சிமிழைத் திறந்து விரலை வைத்தேன். இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.