வாங்க சொல்லாத குழு

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் தனித்தனியாக "வாங்க" சொல்ல வேண்டும். நாலு பேர் சொல்லி ஒருத்தர் விட்டுவிட்டால், அந்த ஒருத்தரைப் பற்றித்தான் பத்து வருஷத்துக்குப் பேச்சு. அப்படி வளர்ந்த நான், திக்கிப் பேசுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கூடிப் பேசும் ஓர் இணையக் குழுவில் போய்ச் சேர்ந்தேன். உள்ளே ஏகப்பட்ட பேர். ஒரு ஆள் வாங்க சொல்லவில்லை.

சேர்ந்தது என் மகளுக்காக. ஆறாம் வகுப்பு படிக்கிறாள், பேச்சு திக்கும். வளர வளரத் தானாகப் போய்விடும் என்றார்கள். நாக்கில் வசம்புகூடத் தேய்த்தாயிற்று, போகவில்லை. இந்த வருஷம் வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவாள், பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றால் உதட்டைப் பிதுக்குவாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவள் திக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையை நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அது அவளுக்கு உதவியா, இல்லை அதனால்தான் வாயை மூடிக்கொண்டாளா?

எடுத்துக் கொடுப்பது எனக்குத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையை மேசையில் வைத்தவர் வாய் திறக்கும் முன்னே, "முன்னும் பின்னுமா?" என்று கேட்டு மெஷினை ஓட்டிவிடுவேன். இழுத்து இழுத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து போன் பண்ணினால் அவர் பேச்சிலும் பாதியை நானே பேசிவிடுகிறேன் என்று அவருக்கு ரொம்ப நாள் குறை.

குழுவில் என் கேள்வியை எழுதினேன். பதில் வரவில்லை. புதிதாக வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். ஆலங்குளத்தில் ஏதோ அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், என்னைவிடச் சின்னவள், அவளுக்கும் திக்கும். இங்கே யாரும் வைத்தியம் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாள். யாருடைய வார்த்தையையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, நேரில் பேசும்போது எதிரில் இருப்பவர் திக்கினால் கண்ணைத் திருப்பாமல் முகத்தைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனில் குரல்வழி கூடிப் பேசுவார்களாம். புதியவர் தன்னைப் பற்றிப் பேசி முடிக்கிற வரை வாங்க சொல்ல மாட்டார்களாம், நடுவில் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அவர் நிறுத்திக்கொள்வாராம். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. வைத்தியமும் கிடையாது, வரவேற்பும் கிடையாது, பிறகு குழு எதற்கு?

என் கேள்விக்காவது பதில் சொல் என்று அவளிடமே கேட்டேன். தன் அம்மா எடுத்துக் கொடுத்தால் தனக்கு நிம்மதியாக இருக்கும் என்றாள். அவள் அண்ணனுக்கும் திக்குமாம், அதே அம்மா அதையே செய்தால் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவானாம். இதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று.

அந்த ஞாயிறு நல்ல சாரல். காற்றில் கரண்ட் போய்ப் போய் வந்தது. சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் போன் பேசுவது என்றாலே பாதி நேரம் "ஹலோ, கேக்குதா" என்று கத்துவதுதான். புதிதாகச் சேர்ந்த சிவகிரிக்காரர் ஒருவர் பேச ஆரம்பித்தார். வணக்கம் சொன்னார், "என் பேரு..." என்றார், அதோடு சத்தம் நின்றுவிட்டது. போனை உலுக்கினேன். ஜன்னலோரம் போனேன். நனைந்துகொண்டு மொட்டை மாடிக்கும் ஏறிப் பார்த்தேன், அங்கேயும் சத்தமில்லை. மற்றவர்களும் கேட்காமல்தான் இருக்கிறார்கள், சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, எல்லோருக்கும் நல்லது செய்வதாக மைக்கைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, நெட் போயிட்டு, ஒண்ணுமே கேக்கல. கட் பண்ணிட்டு மறுபடி வாங்க."

ஆலங்குளத்துப் பெண்ணிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தது.

"அக்கா, நெட்டு நல்லாத்தான் இருக்கு. அவிய பேசிக்கிட்டு இருக்காவ."

முதலில் அதுவும் விளங்கவில்லை. போனைக் காதோடு அழுத்தினேன். மூச்சு கேட்டது. ஒரு பெரிய மனுஷர் தன் சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் முட்டிக்கொண்டு நின்றார். பிறகு பெயர் வந்தது, ஊர் வந்தது, பார்க்கிற வேலை வந்தது. அவ்வளவுதான் என்று அவரே சொன்ன பிறகு, ஒருவர் விடாமல் தனித்தனியாக வாங்க சொன்னார்கள். அதில் பாதி வாங்க திக்கித்தான் வந்தது. நானும் சொன்னேன், எனக்கு அழுகை வந்தது, அவருக்காகவா என் மகளுக்காகவா என்று தெரியவில்லை.

மறு வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். குளித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். "எம்மா, ப... ப..." என்று ஆரம்பித்தாள். பசிக்கிறதா, பஜ்ஜி வேண்டுமா என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, குழுவில் சொன்னது போல அவள் முகத்தையே பார்த்தேன். அவள் கண் என்னைத் தாண்டி எங்கேயோ போய்த் திரும்பியது, கையை வேறு நீட்டினாள். நான் அசையவில்லை.

"பஸ் போயிட்டும்மா."

திரும்பிப் பார்த்தேன். தென்காசி பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவில் போய்க்கொண்டிருந்தது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. அவளும் குழம்பிப்போய் என்னையே பார்த்தாள். கோபமா என்று கேட்டாள், அதைக் கேட்டு முடிக்கவும் நேரம் எடுத்தது. இல்லட்டி என்றேன். துண்டின் நுனியைப் பிடித்துத் திருகினாள்.

"அப்ப, இன்னொண்ணு சொல்லணும்மா. ரொ... ரொம்ப நாளா இருக்கு. சொல்லட்டா?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சாரலில் இரண்டு பேரும் நனையாமல் உட்கார ஓர் இடம் தேடினேன்.