பதினையாயிரம் லிட்டர் மேஸ்திரி

அந்தத் தெருவில் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளைக் காட்டமாட்டார்கள். பதினையாயிரம் மேஸ்திரி என்று கேளுங்கள், கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் உயர்நிலைப் பள்ளிக்குத் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி கட்டியவர் அவர்தான். பதினையாயிரம் லிட்டர், இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. இதைக் கல்யாண வீட்டில் சொல்வார், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே சொல்வார்.

படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மண் சுமந்து, கலவை குழைத்து, கரண்டி பிடித்து, இன்றைக்குப் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிற ஆள். எழுத்து என்றால் கொஞ்சம் தகராறு. எண்கள் மட்டும் அவரைக் கண்டால் எழுந்து நிற்கும்.

பருவம் முடியும்போது பள்ளியிலிருந்து வீடுகளுக்கு ஒரு தாள் வரும். எந்த வகுப்பு என்ன படித்தது என்று அதில் போட்டிருக்கும். கடைக்குட்டி மகள் ஒன்பதாம் வகுப்பு என்பதால் அவர் வீட்டுக்கும் வரும். மனைவி வாசிப்பாள், இவர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்பார். இந்த முறை மனைவியின் தம்பி, டைல்ஸ் கடைக்காரன், வந்திருந்தான். அவனே எடுத்து வாசித்தான்.

"ஒன்பதாம் வகுப்பு. கன அளவு. பிள்ளைகள் பள்ளித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்களே அளந்து கொள்ளளவைக் கண்டுபிடித்தார்கள். பத்தாயிரத்து ஐந்நூறு லிட்டர்."

மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்தாரா, நாற்காலி அவரைத் தூக்கி எறிந்ததா, தெரியாது.

"இன்னொரு தடவ வாசி."

"எத்தன தடவ வாசிச்சாலும் அதேதான் மாமா. அப்போ மீதி நாலாயிரத்து ஐந்நூறுக்கு உண்டான சிமென்ட்லதான் இந்த மாடி எழும்புச்சா?"

"மாப்ளே, வாயக் கழுவு."

"நான் கழுவிக்கிறேன். நானூறு வீட்டுக்குப் போயிருக்கு இந்தத் தாளு. அத்தன பேரு வாயையும் யாரு கழுவுறது?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. தொட்டி சின்னதென்றால் போகட்டும். மேஸ்திரி சிமென்ட்டைத் தின்றுவிட்டான் என்று நாளைக்குக் காலையில் ஊர் பல் விளக்கும்போதே பேசும். உழைத்துச் சம்பாதித்த பெயர் பொழுது விடியுமுன் போய்விடும்.

"அளந்த மேதாவி யாரு?" என்றார்.

சமையலறை வாசலில் மகள் மெதுவாக நகர்ந்தாள். "நான்தாம்ப்பா. நூல்ல கல்லக் கட்டி விட்டோம். ஒன்னு புள்ளி நாலு மீட்டர்தான் ஆழம். மூணு தடவ விட்டுப் பாத்தோம்."

"சொந்தப் பொண்ணே சோலிய முடிச்சிட்டா மாமா" என்றான் மைத்துனன். அவனுக்கு அன்று ஏகக் குஷி.

மறுநாள் காலையில் பிள்ளைகள் படித்ததைப் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். மேஸ்திரி புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒரு கையில் சுவர் நேர் பார்க்கிற, நூல் கட்டிய தூக்குக்குண்டு, மறு கையில் டேப். பின்னால் மகள், மனைவி, வேடிக்கை பார்க்கவென்றே கடையைப் பூட்டிவிட்டு வந்த மைத்துனன். வகுப்பறைகளில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எல்லாம் இந்த ஊர்வலத்தைக் கண்டதும் தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டன. கணக்கு டீச்சரும் வந்துவிட்டார்.

"எங்க விட்டீங்க நூல?" என்றார் மேஸ்திரி.

மகள் மூடியைத் திறந்து காட்டினாள். தொட்டி நிறையத் தண்ணீர். வாயின் நடுவில் நேராக நூலை இறக்கினாள். ஒன்று புள்ளி நாலில் டொக்கென்று நின்றது.

மேஸ்திரியின் முகம் ஒரு நொடி வெளுத்து, அடுத்த நொடி விரிந்தது. சிரிப்பு முதலில் தோளில் குலுங்கி, வயிற்றுக்கு இறங்கி, அப்புறம்தான் வாய்க்கு வந்தது. வெள்ளைச் சட்டையோடு தளத்தின்மேல் குப்புறப் படுத்தார். தோள் வரை கையை உள்ளே நீட்டி, தூக்குக்குண்டைத் தள்ளிப் போட்டார். நூல் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

"அளந்து பாரு தாயீ."

"ரெண்டு மீட்டர்ப்பா."

"கழுவ இறங்குறவன் கால் வைக்க வாய்க்கு நேர் கீழ கல் திட்டு கட்டினேன். உங்க கல்லு அது மேல உக்காந்து இளைப்பாறியிருக்கு. எனக்கே மறந்துபோச்சு பாரு."

டீச்சர் சாக்குக்கட்டியை நீட்ட, மகள் தளத்திலேயே எழுதினாள். நீளம் மூன்று, அகலம் இரண்டரை, ஆழம் இரண்டு. பதினைந்து கன மீட்டர். பதினையாயிரம் லிட்டர். கைதட்டல் கிளம்பியது. மேஸ்திரி ஈரச் சட்டையோடு மைத்துனனைக் கட்டிப்பிடித்து, அவன் சட்டையையும் நனைத்தார்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் அவர் மேஸ்திரி ஆகியிருக்கமாட்டார்.

"அந்தத் திட்டு என்ன லேசுப்பட்டதா? அறுபது சென்டி உயரம், அறுபது நீளம், ஐம்பது அகலம். முழுக்கக் கருங்கல்லு. யானை ஏறி நின்னாலும் அசையாது."

மகள் சாக்குக்கட்டியை மறுபடி எடுத்தாள். கூட்டம் குனிந்தது.

"அப்பா, திட்டு இருக்கிற இடத்துல தண்ணி இருக்காதே. நூத்தியெண்பது லிட்டர் போச்சு. பதினாலாயிரத்து எண்ணூத்தி இருபது."

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி சாக்குக்கட்டி எழுத்தைப் பார்த்தார். மனதுக்குள் இரண்டு தடவை பெருக்கினார். எண்கள் முதல் தடவையாக அவருக்காக எழுந்து நிற்கவில்லை.

"கணக்கு சரிதான்" என்றார். "போடுங்க டீச்சர். நானூறு வீட்டுக்கும் புதுத் தாள் போகட்டும். பதினாலாயிரத்து எண்ணூத்தி இருபது. நூத்தியெண்பது எங்கேன்னு எவனாவது கேட்டா, இறங்கிப் பாக்கச் சொல்லுங்க. கால் வைக்க இடம் இருக்கு."

வீடு திரும்பும் வழி முழுக்க மைத்துனன் புதுப் பெயரைச் சொல்லிப் பழகினான். "பதினாலாயிரத்து எண்ணூத்தி இருபது மேஸ்திரி" என்று தெருமுனையில் ஒருமுறை கூவிப் பார்த்தான். பாதியில் மூச்சு வாங்கியது. அதற்குள் மேஸ்திரி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

"இதெல்லாம் ஆகிற காரியமில்ல" என்று அக்காவிடம் சொன்னான். பிறகு பழையபடியே "பதினையாயிரம் மேஸ்திரி" என்று கூப்பிட்டான். மேஸ்திரி உடனே திரும்பிப் பார்த்தார்.